கல் ஓரிடம், காகிதம் ஓரிடம்

(வரிச்சிக்குடியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசிய உரை. மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



"எதைப் பற்றிப் பேசலாம்?" என்று சங்கச் செயலாளரைக் கேட்டேன். "உன் வேலையைப் பற்றிப் பேசு. அரை மணிக்கு மேல் போகாதே, சாப்பாடு ஆறிப்போகும்" என்றார். அவர் எனக்கு இரண்டு வருஷம் சீனியர். இன்னமும் ராகிங் விடவில்லை.

என் வேலை என்னவென்று வீட்டில் கேட்டாலே சொல்லத் திணறுவேன். கட்டடம் கட்டுகிறவன் என்றால் அதுவும் இல்லை. படம் வரைகிறவனா என்றால் அதுவும் முழுசாக இல்லை. வரைந்த படத்தைத் தரையில் உட்கார வைக்கிறவன் என்று சொல்லலாம். ஆர்க்கிடெக்ட் ஒருவர் ஆட்டோகேடில் அழகாக ஒரு பிளான் போடுகிறார். காம்பவுண்டின் தென்மேற்கு மூலையை பூஜ்யம், பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறார். சுவருக்குச் சுவர், தூணுக்குத் தூண் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தம். ஆனால் அந்த பூஜ்யம் பூமியில் எந்த இடம் என்று படத்துக்குத் தெரியாது. நன்றாக எழுதி, ஒட்டி, விலாசம் எழுதாமல் தபால் பெட்டியில் போட்ட கடிதம் மாதிரி. அந்த விலாசத்தை எழுதுவதுதான் என் தொழில்.

இது சின்ன விஷயம்போலத் தோன்றும். நானும் படிக்கிற காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். சர்வே கேம்ப்பில் சங்கிலியும் ரேஞ்சிங் ராடும் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தபோது, "கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு?" என்று முணுமுணுத்தவர்கள் இந்த அரங்கத்தில் குறைந்தது பத்துப் பேர் இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன்.

நம்ம ஊரைவிட இந்த விஷயத்துக்குப் பொருத்தமான இடம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள். நாம் இருக்கும் காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள். நடுவில் சிலமுறை ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பி, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி முழுமையாக இணைந்தது. தெற்கே நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். ஒரு நாள் பஸ் பயணத்தில் இத்தனை ராஜ்ஜியம். ஒவ்வொருவரும் தத்தம் கோட்டையின் மூலையில் நின்றுகொண்டு, தத்தம் கோலால் அளந்தார்கள்.

நிலப் பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். காரைக்கால் பத்திரத்தில் காடாஸ்தர் நம்பர் என்று ஒன்று இருக்கும், அது பிரெஞ்சுக்காரன் போட்ட எண். பக்கத்திலேயே ரீசர்வே நம்பர் என்று இன்னொன்று இருக்கும். பரப்பளவு ஹெக்டேர், ஏர், சென்டியேர் என்று மீட்டர் கணக்கில் ஓடும். எல்லை தாண்டி அந்தப் பக்கம் போனால் ஏக்கர், சென்ட். ஆங்கிலேயனின் 66 அடிச் சங்கிலியில் பிறந்த கணக்கு அது. இரண்டுக்கும் நடுவே வயலில் நிற்கிற பெரியவரைக் கேட்டால் அவர் குழி, மா, வேலி என்றுதான் சொல்வார். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். மூன்றும் ஒரே மண்ணைத்தான் சொல்கின்றன.

இன்னொரு வேடிக்கை. கிழக்கு-மேற்காக நம் ஊர் எங்கே இருக்கிறது? கிரீன்விச்சிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 79 டிகிரி 50 நிமிடம் கிழக்கு. ஆனால் பழைய பிரெஞ்சு வரைபடங்கள் பாரிஸ் நகரத்து வானாய்வுக் கூடத்திலிருந்து எண்ணும். அது கிரீன்விச்சுக்கு 2 டிகிரி 20 நிமிடம் கிழக்கே இருக்கிறது. அந்தக் கணக்கில் காரைக்கால் ஏறத்தாழ 77 டிகிரி 30 நிமிடம். இரண்டு எண்ணும் சரி. எங்கிருந்து எண்ணினாய் என்று எழுதி வைக்காவிட்டால் இரண்டும் தப்பு. அந்த 2 டிகிரி 20 நிமிடம் இங்கே 250 கிலோமீட்டருக்கு மேல். கடலில் இருக்கிறவனைக் கரையில் ஏற்றிவிடும்.

ஆங்கிலேயர் விஷயத்துக்கு வருவோம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலி போட்டு ஓர் அடிப்படைக் கோடு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுக்க அளந்துகொண்டு போனார்கள். நம் தஞ்சை ஜில்லாவில் மலை கிடையாது. எங்கே ஏறி நின்று பார்ப்பது? கோயில் கோபுரம்தான். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கிப் போனது. லாம்ப்டன் அதைத் தூக்கி எறியவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தன் கையாலேயே தட்டி நிமிர்த்தினார். நம் லேபில் வெர்னியர் தியோடலைட்டைக் கீழே போட்டவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். ஆனால் அவர் அதை நிமிர்த்திவிட்டார் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல் பூமியின் உருவத்துக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். பூமி உருண்டை இல்லை, துருவப் பக்கம் கொஞ்சம் அமுங்கியது. எவரெஸ்ட் கணக்கில் நிலநடுக்கோட்டு ஆரம் 63,77,276 மீட்டர். இன்று ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கில் 63,78,137 மீட்டர். வித்தியாசம் 861 மீட்டர். மையம் இருக்கும் இடமும் வேறு. ஆகவே பழைய சர்வே ஷீட்டில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே ஜி.பி.எஸ்.ஸில் போட்டால், நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்பீர்கள். பக்கத்துத் தெரு. எண் ஒன்று, இடம் வேறு. 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான வரிசை டபிள்யூ.ஜி.எஸ். 84-க்கு மாறியது. பழைய ஷீட்டைத் தூசி தட்டி ஸ்கேன் செய்பவர்கள் மட்டும் இன்றும் அந்த நூறு மீட்டரில் விழுகிறார்கள்.

சரி, படத்தைத் தரையில் எப்படி வைக்கிறோம்?

பூமி வளைவு, காகிதம் தட்டை. அதனால் உலகத்தை 6 டிகிரி அகலத்துக்கு ஒரு கீற்றாக, ஆரஞ்சுச் சுளை மாதிரி, 60 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். யு.டி.எம். என்று பெயர். நமக்கு 44-வது மண்டலம், 78 டிகிரி முதல் 84 டிகிரி வரை. அதன் நடுக்கோடு 81 டிகிரி. இலங்கையில் பதுளைப் பக்கமாகப் போய், கடலைத் தாண்டி, மசூலிப்பட்டினத்துக்குச் சற்று மேற்கே கரையேறுகிறது. அந்த நடுக்கோட்டுக்கு 5,00,000 என்று ஒரு செயற்கை எண் கொடுத்து, அதிலிருந்து கிழக்கு மேற்காக மீட்டரில் எண்ணுகிறோம். வடக்குத் தூரம் நிலநடுக்கோட்டிலிருந்து. இந்தக் கணக்கில் வரிச்சிக்குடியின் விலாசம்: கிழக்கு சுமார் 3,71,000, வடக்கு சுமார் 12,11,000. மென்பொருளில் இதற்குக் குறியீட்டு எண் 32644. இந்த எண்ணை மறந்தாலும், இப்படி ஓர் எண் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

இதில் தப்பு செய்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிழக்கையும் வடக்கையும் மாற்றிப் போட்டால் நம் கல்லூரி இலங்கைக்குத் தென்கிழக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் போய் உட்காரும். மண்டலத்தை 44-க்குப் பதில் 43 என்று போட்டால் சரியாக 6 டிகிரி மேற்கே தள்ளி, அரபிக்கடலில் லட்சத்தீவின் ஆந்த்ரோத் தீவுக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பக்கத்தில் விழும். தேங்காய்க்கும் மீனுக்கும் குறைவிருக்காது. இந்தப் பெரிய தப்புகளால் யாருக்கும் கெடுதல் இல்லை. திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவோம். ஒரு மீட்டர், அரை மீட்டர் தப்புதான் ஆபத்து. பார்த்தால் சரியாகவே இருக்கும்.

ஒன்று சொல்கிறேன். யு.டி.எம். கட்டத்தில் 1 கிலோமீட்டர், தரையில் 1 கிலோமீட்டர் இல்லை. தட்டையாக்கும்போது நடுக்கோட்டில் 0.9996 என்று சுருக்கிவிட்டார்கள். நம் ஊர் நடுக்கோட்டிலிருந்து சுமார் 129 கிலோமீட்டர் மேற்கே இருப்பதால் இங்கே அந்தச் சுருக்கம் ஏறக்குறைய 0.9998. கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர். வீட்டு பிளானுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் 1987-ல் மூடி, பிறகு அகலப் பாதையாகப் போட்டிருக்கும் நம் பேரளம் - காரைக்கால் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 23 கிலோமீட்டர். டேப் பிடித்து அளந்த நீளத்துக்கும் கட்டத்தில் கணக்கிட்ட நீளத்துக்கும் நான்கு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். இரண்டு பக்கத்திலிருந்தும் வேலை ஆரம்பித்தால் நடுவில் தண்டவாளம் சந்திக்க வேண்டாமா?

அதேபோல வடக்கு. படத்தின் வடக்கும் உண்மையான வடக்கும் இங்கே சுமார் 13 நிமிடம், அதாவது டிகிரியில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, விலகி நிற்கும். கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 4 மீட்டர் பக்கவாட்டில் போய்விடும். திசைகாட்டி வடக்கு மூன்றாவது வகை. "நார்த் மேலே இருக்கு சார்" என்று யாராவது சொன்னால், எந்த நார்த் என்று கேளுங்கள்.

இனி, ஒரு வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். காரைக்கால் எல்லைக்கு அப்பால், கடலுக்குப் போகும் ஒரு வடிகால் வாய்க்கால். அகலப்படுத்தி இருபுறமும் கரை கட்டும் திட்டம். நம் டெல்டாவில் மேட்டூர்த் தண்ணீர் வருகிறதா என்பது ஒரு கவலை என்றால், ஐப்பசி கார்த்திகையில் வந்த தண்ணீர் வடிகிறதா என்பது அதைவிடப் பெரிய கவலை. ஆகவே தேவையான வேலைதான்; ஊரும் எதிர்க்கவில்லை. கான்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டது, படத்தில் இருக்கும் கரைக்கோட்டைத் தரையில் முளை அடித்துக் காட்டுவதற்கு.

படம் ஓர் ஆலோசனை நிறுவனம் கொடுத்தது. டோட்டல் ஸ்டேஷன் வைத்து ஒழுங்காகச் சர்வே செய்திருந்தார்கள். ஆரம்பப் புள்ளிக்கு 1000, 1000 என்று தாங்களே ஓர் எண் கொடுத்து ஒன்றரை கிலோமீட்டர் போயிருந்தார்கள். உருவத்தில் குறை சொல்ல முடியாது. பிறகு அதை யு.டி.எம்.முக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு புள்ளிக்கு ஜி.பி.எஸ். எடுத்து, ஆட்டோகேடில் அலைன் என்ற கட்டளையைக் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

கணிதப்படி இரண்டு புள்ளி போதும். படத்தை நகர்த்த இரண்டு எண், திருப்ப ஒரு கோணம், பெரிசு சிறிசு ஆக்க ஒரு விகிதம், மொத்தம் நான்கு தெரியாத எண்கள். இரண்டு புள்ளியில் நான்கு எண் கிடைக்கிறது. ஆனால் அந்த இரண்டு புள்ளியும் எங்கே எடுத்தார்கள்? ஒரு பழைய மதகின் மூலை, அதற்கு 30 மீட்டர் தள்ளி ஒரு மின்கம்பத்தின் அடித்தளம். இரண்டும் வேலையின் ஒரு முனையில். ஆர்.டி.கே. கருவியில் 2 சென்டிமீட்டர் தப்பு வருவது சகஜம். 30 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போனால், 1,400 மீட்டர் தள்ளி எவ்வளவு போகும்? முக்கூட்டு விதி. 93 சென்டிமீட்டர். குட்டையான சுக்கானைப் பிடித்துக்கொண்டு நீளமான கப்பலைத் திருப்புகிற வேலை.

அந்த 1,400 மீட்டரில் ஒரு பாட்டியின் வீடு இருந்தது. ஓடு போட்ட வீடு, பின்பக்கம் அடுப்படி, அதை ஒட்டி மாட்டுக் கொட்டகை. நான் போவதற்கு முன்பே மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். கோடு அடுப்படிச் சுவருக்கு உள்ளே ஓடியது. பாட்டி என்னிடம் கோபமாகப் பேசவில்லை. "தம்பி, போன தடவை ஆபீஸுக்காரவுக வந்து அளந்தப்ப கோடு கொட்டாயோட நின்னுச்சு. இப்ப அடுப்புக்கு வந்திருக்கு. வாய்க்கா நகந்துச்சா, வூடு நகந்துச்சா?" என்று கேட்டார். ஒரு சீனியர் என்ஜினீயர் கேட்க வேண்டிய கேள்வி அது.

நான் முளை அடிப்பதை நிறுத்திவிட்டு மூன்றாவது புள்ளி தேடினேன். எங்கள் தொழிலில் முதல் இரண்டு புள்ளி படத்தை வைப்பதற்கு, மூன்றாவது புள்ளி உண்மையைச் சொல்வதற்கு. அதுவும் வேலையின் மறுமுனையில் இருக்க வேண்டும். எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு புலமும் ஒரு தனி உலகம். நடுவில் ஒரு நேர்கோடு, அதிலிருந்து இடதும் வலதுமாக ஆஃப்செட், அவ்வளவுதான். அதில் அட்சரேகை கிடையாது. பக்கத்துப் புலத்தோடு ஒட்டினால் ஒரு பக்கம் இடைவெளி, ஒரு பக்கம் மேலே ஏறும். ஆனால் கல் எங்கே நட்டிருக்கிறது என்று அது சொல்லும். படத்தில் இருந்த எல்லைக்கல் தரையில் இல்லை. காட்டாமணக்குப் புதர். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "இங்கதான் தம்பி, எங்கப்பா காலத்துல இதுல உக்காந்துதான் வெத்தல போடுவாங்க" என்று காட்டினார். வெட்டிப் பார்த்தோம், முக்கால் அடி மண்ணுக்கடியில் கல் இருந்தது. "கல்லு நகராது தம்பி, உங்க கம்ப்யூட்டர்தான் நகரும்" என்றார்.

ஒரு சின்னக் குறுக்கீடு. கறாராகச் சொன்னால் கல்லும் நகர்கிறது. இந்தியா முழுவதுமே வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் அளவில் வடகிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. 20 வருஷத்தில் ஒரு மீட்டர். ஜி.பி.எஸ். எண்ணோடு எடுத்த வருஷத்தையும் எழுத வேண்டும் என்று சொல்வது அதனால்தான். ஆனால் கல்லும் வீடும் வாய்க்காலும் சேர்ந்தே போவதால் பெரியவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

அந்தக் கல், இந்த முனையில் மதகு, நடுவில் ஒரு பாலத்தின் இரண்டு மூலை என்று பரவலாக ஆறு புள்ளி எடுத்தோம். ஒவ்வொன்றிலும் கருவியை மூன்று நேரங்களில் வைத்துச் சராசரி. மீச்சிறு வர்க்க முறையில் கணக்குப் போட்டதும் ஐந்து புள்ளிகள் 3 சென்டிமீட்டருக்குள் உட்கார்ந்தன. ஒரு புள்ளி மட்டும் 20 சென்டிமீட்டர் அடம் பிடித்தது. போய்ப் பார்த்தால் அந்தப் பாலத்து மூலையில் புதுசாகச் சிமென்ட் பூசியிருந்தார்கள். அதை விட்டுவிட்டோம். விகிதத்தையும் அலைன் கட்டளையிடம் விடவில்லை. "அளவை மாற்றட்டுமா?" என்று அது கேட்கும். ஆம் என்று சொன்னால் உங்கள் இரண்டு புள்ளியின் தப்பையே விகிதமாக எடுத்துக்கொண்டு முழுப் படத்தையும் நீட்டிவிடும். கட்டத்தின் சுருக்கம் தெரிந்த எண். அதை நாமே கொடுக்க வேண்டும். 1,400 மீட்டருக்கு அது 28 சென்டிமீட்டர்.

திருத்திய கோடு பாட்டியின் வீட்டருகே ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் வாய்க்கால் பக்கம் நகர்ந்தது. அடுப்படி தப்பியது. கொட்டகை தப்பவில்லை, அது முதலிலிருந்தே திட்டத்துக்குள்தான் இருந்தது.

கதை இங்கே முடிந்தால் நானும் கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் வாய்க்காலுக்கு இரண்டு கரை. அகலம் மாறாதது. இந்தப் பக்கம் 90 சென்டிமீட்டர் விட்டால் அந்தப் பக்கம் 90 சென்டிமீட்டர் போகும். எதிர்க்கரைக்காரருக்கு மூன்று தென்னை மரம், காய்ப்பில் இருப்பவை. "நேத்து வரைக்கும் என் மரம் வெளியில இருந்துச்சு. நீ வந்து லேப்டாப்பைத் திறந்ததும் உள்ள போயிருச்சா? அந்தம்மா எவ்வளவு குடுத்துச்சு?" என்றார். அவரிடம் ரெசிடுவல், மீச்சிறு வர்க்கம் என்று பேச முடியுமா? கல்லைக் காட்டினேன். அவர் முன்னாலேயே டேப் பிடித்துக் கல்லிலிருந்து அவர் மரம் வரை அளந்து, அவருடைய புலப்படத்து ஆஃப்செட்டோடு ஒப்பிட்டுக் காட்டினேன். அதை ஒப்புக்கொண்டார். என்னை ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. காகிதம் திருத்தி, இழப்பீட்டுக் கணக்கு மாற்றி வர எட்டு மாதம் ஆனது. அந்த வருஷத்து மழைக்குள் கரை முடியவில்லை. இரண்டாவது புள்ளியை முதலிலேயே மறுமுனையில் எடுத்திருந்தால் கூடுதலாக ஆகியிருக்கக்கூடிய செலவு ஒரு பைக் பயணமும் ஒரு மணி நேரமும்.

இளைய நண்பர்களுக்கு இதையொட்டி இரண்டு விஷயம். இப்போது பலரும் கூகுள் எர்த் படத்தைக் கீழே வைத்து, அதன்மேல் டிராயிங்கை இழுத்து, ரோடும் ரோடும் பொருந்திவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். பிளான் காட்டுவதற்கு அது சரி. ஆனால் அந்தச் செயற்கைக்கோள் படமே சில மீட்டர் தள்ளி இருக்கலாம். அதை வைத்து ஒருவர் வீட்டுச் சுவரில் பெயின்ட் அடிக்காதீர்கள். அடுத்தது, ரப்பர் ஷீட். பொருந்தாத எல்லாப் புள்ளியையும் இழுத்துப் பொருத்திவிடும். எரர் பூஜ்யம் என்று காட்டும். சுருங்கிப்போன பழைய கிராமப் படத்தை ஸ்கேன் செய்து வைப்பதற்கு அது உதவும். கட்டுமானப் படத்தில் அதைத் தொட்டால் நேர்ச்சுவர் வளையும். தப்பு எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்த புள்ளியின் வாயை அடைத்துவிட்டு அமைதி என்று சொல்வது போல. எனக்கு அது பிடிப்பதே இல்லை.

உயரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் டெல்டாக்காரன் ஆகமாட்டேன். போன வருஷம் ஒரு ஜூனியர் காலை ஆறு மணிக்குப் போன் செய்தான். "அண்ணே, சைட் கடலுக்குக் கீழ 88 மீட்டர்ல இருக்குண்ணே, கருவி கெட்டுப்போச்சு" என்றான். கருவி கெடவில்லை. ஜி.பி.எஸ். சொல்வது அந்தக் கணித உருவத்திலிருந்து உயரம். நம் பக்கத்தில் உண்மையான கடல் மட்டம் அந்த உருவத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே இருக்கிறது. தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்த இந்தப் பகுதி பூமியின் ஈர்ப்பில் ஒரு பள்ளம். ஆகவே மைனஸ் 88 என்றால் கடல் மட்டத்துக்கு மேலே ஏதோ 2 மீட்டர் என்று பொருள். அந்த "ஏதோ" என்பதுதான் இங்கே உயிர். 90 என்பது 90.4 ஆனால் வாய்க்கால் திரும்பி ஓடும். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. கரையோரத்தில் எது மேடு எது பள்ளம் என்பது அன்றைக்குப் பிறகு வெறும் கான்டூர் கோடு இல்லை. அதனால் உயரத்துக்கு இன்றும் லெவல் கருவியும் ஸ்டாஃபும்தான் என் கட்சி. இந்தியாவின் கடல் மட்டத்தை நிர்ணயித்த ஒன்பது துறைமுகங்களில் ஒன்று நாகப்பட்டினம், 1909 கணக்கு. பக்கத்தில் இவ்வளவு பெரிய சொத்தை வைத்துக்கொண்டு போன் பார்த்து உயரம் எழுதக்கூடாது.

இப்போது காலம் சுலபமாகிவிட்டது. 2000 மே மாதம் அமெரிக்கா ஜி.பி.எஸ்.ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த கலப்படத்தை எடுத்தது. 2020-ல் ஸ்வாமித்வா திட்டம் வந்து கிராமத்து வீடுகளை டிரோன் வைத்து அளந்தார்கள். 2021 பிப்ரவரியில் வரைபடக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. சர்வே ஆஃப் இந்தியாவின் நிரந்தர நிலையங்களிலிருந்து திருத்தம் வாங்கி, நின்ற இடத்திலேயே சில சென்டிமீட்டர் சுத்தம் கிடைக்கிறது. நாம் சங்கிலி இழுத்த காலத்துக்கு இது சொர்க்கம்.

ஆனால் நம் கல்லூரி வளாகத்தில், தன் விலாசம் தெரிந்த ஒரு கல்கூட இல்லை. சர்வே கேம்ப்பில் ஒவ்வொரு பேட்சும் 100, 100 என்று ஆரம்பித்து, ஆரம்பித்த இடத்திலேயே முடித்து, ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மை வாங்கிப் போகிறது. எத்தனையோ வருஷத்து டிராவர்ஸ், ஒன்றோடு ஒன்று சேராது. ஆகவே சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. ஓவியம், கேடயம் என்று நினைவுப் பரிசு கொடுப்பதற்குப் பதில் இரண்டு தூண் நடுவோம். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரிய வேண்டும். இடையில் 200 மீட்டராவது வேண்டும். தரைக்குள் ஒரு மீட்டர் கான்கிரீட், மேலே ஒரு பித்தளை ஆணி. அரை நாள் ஜி.பி.எஸ். நிறுத்தி எடுப்போம். உயரத்தை லெவல் போட்டுக் கொண்டுவருவோம். பலகையில் எண் மட்டும் எழுதாமல், எந்தக் கணக்கு, எந்த மண்டலம், எந்த வருஷம் என்றும் எழுதி வைப்போம். அடுத்த வருஷம் முதல் பையன்களும் பெண்களும் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.

சிமென்ட், கம்பி என் பொறுப்பு. கருவியும் இரண்டு நாளைக்குக் கொண்டுவருகிறேன். முதல் தூணுக்கு கேட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துவிட்டேன். இரண்டாவதற்குப் பின்பக்க வேலியோரம் நன்றாகத் தெரிகிறது. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்குமா என்று இங்கே பணிபுரிகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். நாளைக் காலை ஆறரை மணிக்கு நான் அங்கே இருப்பேன். வருகிறவர்கள் தொப்பி எடுத்து வாருங்கள். ஒருவர் ஸ்டாஃப் பிடிக்க வேண்டும். செயலாளர் பிடிப்பார் என்று நம்புகிறேன்.